புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் பொருளாதார வளர்ச்சியும்: தொடர்பை உரைக்கும் தமிழ்

0. முன்னுரை

ஒரு நாடு பயன்படுத்தும் ஆற்றலுக்கும் அந்நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்பதை மறுப்பார் இலர். அத்தொடர்பு எத்தகையது, எது முன் எது பின், ஒன்று மற்றொன்றைத் தோற்றுவிக்கிறதா அல்லது இரண்டும் உடன்நிகழ்வனவா என்பனவே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகப் பொருளியலார் ஆய்ந்துவரும் வினாக்கள். 1978-இல் ஜான் கிராஃப்ட், ஆர்தர் கிராஃப்ட் ஆகிய இருவரும் அமெரிக்காவின் 1947 முதல் 1974 வரையிலான தரவுகளைக் கொண்டு, நாட்டு வருமானத்திலிருந்து ஆற்றல் பயன்பாட்டை நோக்கியே தொடர்பு செல்கிறது என்றும், எதிர்த்திசையில் அது புலப்படவில்லை என்றும் கூறினர். 1980-இல் அகார்க்கா, லாங் ஆகியோர் கால எல்லையைச் சுருக்கி ஆய்ந்தபோது அத்தொடர்பே மறைந்துவிட்டது. அன்று தொடங்கிய கருத்து வேறுபாடு இன்றும் தீரவில்லை. 2000-க்குப் பின்னர் காற்று, சூரிய ஒளி முதலியன பெருகியதை ஒட்டி இதே வினா புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பற்றியும் எழுப்பப்பட்டது.

இவ்வாய்வுகளின் முடிவுகள் தமிழுக்குப் பாடநூல் வழியும், சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு வழியும், ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கைகள் வழியும், நாளிதழ் வழியும் வந்து சேர்கின்றன. வந்து சேரும்போது அவற்றின் உறுதிப்பாடு மாறிவிடுகிறது. மூலத்தில் 'முன்னறிய உதவுகிறது' என்ற அளவில் நின்ற செய்தி, தமிழில் 'காரணமாகிறது' என்று முடிந்துவிடுதல் உண்டு. இதற்கு மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. தமிழின் சொற்களும் தொடரமைப்பும் காரணப் பொருளை எவ்வாறு ஏற்கின்றன என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும். அவ்விரண்டையும் இணைத்து விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

1. ஆற்றல், எரிசக்தி, திறன்

இயற்பியல் பாடநூல்களில் 'ஆற்றல்' என்பது நிலைபெற்றுவிட்ட கலைச்சொல். வேலை செய்யும் தகுதியே ஆற்றல். ஓரலகு நேரத்தில் செய்யப்படும் வேலையின் அளவு 'திறன்'. பொறியாளர் வழக்கில் முன்னது கிலோவாட் மணியாலும், பின்னது கிலோவாட்டாலும் அளக்கப்படும். மக்கள் 'யூனிட்' என்பது கிலோவாட் மணியையே. இவ்வேறுபாடு வகுப்பறையைத் தாண்டியதும் கரைந்துவிடுகிறது. மின்சக்தி, மின்திறன், மின்னாற்றல், மின்விசை ஆகிய நான்கும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருகின்றன.

ஆட்சித்துறைத் தமிழ் 'எரிசக்தி' என்னும் சொல்லை ஏற்றது. எரிசக்தித் துறை, எரிசக்தி மேம்பாட்டு முகமை என்பன நன்கு அறியப்பட்ட பெயர்கள். 'எரிபொருள்' என்பதைப் போல இதுவும் எரித்துப் பெறுவதையே முதலில் நினைவூட்டும். நிலக்கரியும் எண்ணெயும் ஆற்றலின் முதன்மை ஊற்றுகளாக இருந்த நாளில் அப்பெயரில் முரண் தோன்றவில்லை. காற்றும் கதிரும் எரிவதில்லை. ஆயினும் 'காற்றாலை எரிசக்தி', 'பசுமை எரிசக்தி' ஆகிய தொடர்கள் தயக்கமின்றி வழங்குகின்றன. முதனிலையின் பொருள் தேய்ந்து, முழுச்சொல்லும் ஒரு பெயராகவே உணரப்படுகிறது என்பதற்கு இது தக்க சான்று. இலங்கைத் தமிழ் வேறு வழியில் சென்றது. அங்கே 'வலு', 'வலுசக்தி' என்பன ஆட்சிச் சொற்கள். 'நிலைபெறுதகு வலு அதிகாரசபை' என்னும் நிறுவனப் பெயர் எரித்தற் பொருளை முற்றிலும் தவிர்த்துவிடுகிறது. இரு நாட்டு ஆவணங்களையும் கையாளும் மொழிபெயர்ப்பாளர், 'வலு' என்பது இடத்திற்கேற்பத் திறனையும் ஆற்றலையும் குறிக்கும் என்பதை மறத்தல் கூடாது.

'வளர்ச்சி' என்பதும் இவ்வாறே இரு பொருள் சுமக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தி பெருகுவதை மட்டும் 'பொருளாதார வளர்ச்சி' என்று கூறி, வாழ்நிலை உயர்வை 'மேம்பாடு' அல்லது 'முன்னேற்றம்' என்று பிரித்துரைப்பது பொருளியல் நூல்களின் வழக்கம். ஆட்சித்துறை வழக்கிலோ 'ஊரக வளர்ச்சி' என்பது மேம்பாட்டைக் குறிக்கும். இங்கு எடுத்துக்கொண்ட ஆய்வுகள் அனைத்தும் முதற்பொருளிலேயே நிற்பன. உற்பத்தி மதிப்பு கூடியதா என்பதே அவற்றின் வினா. மக்கள் நலம் கூடியதா என்பது அவற்றின் வினா அன்று. இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பது அடுத்த பகுதியில் புலனாகும்.

2. 'புதுப்பிக்கத்தக்க' என்னும் அடையும் அதன் எல்லையும்

'புதுப்பி' பிறவினை. அதற்கு வினைமுதல் ஒருவர் வேண்டும். உரிமத்தைப் புதுப்பிப்பவர் உண்டு, வீட்டைப் புதுப்பிப்பவரும் உண்டு. காற்றை எவரும் புதுப்பிப்பதில்லை. ஆகு - ஆக்கு, பெருகு - பெருக்கு என்பன போல இவ்வினைக்கு வழக்கிலுள்ள தன்வினை இணை இல்லாமையால், தானே மீளும் ஒன்றைச் செயப்பாட்டுப் பொருளில் சொல்ல நேர்ந்தது. 'தக்க' என்னும் துணையும் கருதத்தக்கது. 'கூடிய' என்பது இயலுமையைக் காட்டும். 'தக்க' தகுதியையும் உடன் காட்டும். 'பாராட்டத்தக்க', 'நம்பத்தக்க' என்பவற்றோடு ஒப்பிட்டால் 'புதுப்பிக்கத்தக்க' என்பதில் மெல்லிய ஒரு பாராட்டுத் தொனி ஒட்டியிருப்பது புலப்படும். 'மீளுருவாகும்', 'வற்றா' என்னும் மாற்றுகள் தன்வினை சார்ந்தவை. பொருளுக்கு அவை நெருக்கமானவை. எனினும் வழக்கு முதற்சொல்லின் பக்கமே சாய்ந்துவிட்டது. அதனை இனி மாற்ற முனைவது வீண் உழைப்பு.

அடையின் அமைப்பை விட அதன் எல்லையே பெரிய சிக்கல். இந்திய ஒன்றிய அரசு 1982-இல் மரபுசாரா எரிசக்தி ஆதாரங்களுக்கெனத் துறையொன்றை அமைத்தது. 1992-இல் அது தனி அமைச்சகம் ஆயிற்று. 2006-இல் அதன் பெயர் 'புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம்' என்று மாறியது. பெயர் மட்டுமே மாறியது எனக் கருதுவோர் உண்டு. 'மரபுசாரா' என்பது வழக்கத்தை அளவுகோலாகக் கொண்டது. 'புதுப்பிக்கத்தக்க' என்பது இயற்கையில் மீள்வதை அளவுகோலாகக் கொண்டது. அடுப்பில் எரியும் விறகையும் சாண வறட்டியையும் எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். அவற்றினும் மரபு சார்ந்த எரிபொருள் வேறில்லை. ஆகவே முதற்சொல்லின் எல்லைக்குள் அவை வாரா. மரம் மீண்டும் வளர்வது. ஆகவே இரண்டாம் சொல்லின் எல்லைக்குள் அவை வந்துவிடும்.

உலக வங்கி வெளியிடும் தரவுத் தொகுதியில் 'மொத்த இறுதி ஆற்றல் நுகர்வில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் விழுக்காடு' என்றொரு குறியீடு உண்டு. விறகும் வறட்டியும் அதில் அடங்கும். அக்குறியீட்டின்படி 1990-இல் இந்தியாவின் விழுக்காடு பாதிக்கு மேல் இருந்தது. 2010-களின் இறுதியில் அது மூன்றில் ஒரு பங்கினை ஒட்டி இறங்கியது. இக்காலத்தில்தான் இந்தியப் பொருளாதாரம் விரைந்து வளர்ந்தது, காற்றாலைகளும் கதிர்ப்பலகைகளும் பெருகின. விழுக்காடு குறைந்ததற்குக் காரணம், வீடுகள் விறகிலிருந்து எரிவாயுவிற்கு மாறியமையும், மொத்த நுகர்வில் நிலக்கரியும் எண்ணெயும் பெருகியமையுமே. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வழி எரிவாயு இணைப்புப் பெற்ற ஏழைக் குடும்பத்துப் பெண், புகையிலிருந்து விடுபடும் அதே நாளில் நாட்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் விழுக்காட்டைச் சிறிதளவு குறைக்கிறாள். எரிவாயு புதைபடிவ எரிபொருள் அன்றோ. உலக அளவில் இக்குறியீட்டில் உயர்ந்து நிற்கும் நாடுகளில் ஒன்று காங்கோ சனநாயகக் குடியரசு. அங்கு விழுக்காடு 90-ஐக் கடந்தது. அதனைச் செல்வச் செழிப்பின் அடையாளமாக எவரும் கொள்ளார்.

எனவே ஒரு கட்டுரை 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' எனும்போது விறகை உள்ளடக்கியதா, மின்சாரத்தை மட்டும் கருதியதா என்பதைப் பொறுத்து, வளர்ச்சியோடு அது கொள்ளும் தொடர்பின் குறியே நேர் எதிராக மாறக்கூடும். ஆங்கில மூலத்தில் இந்த வரையறை பெரும்பாலும் தரவு விளக்கப் பகுதியில் ஒரே வரியில் இடம்பெறும். மொழிபெயர்ப்போர் முதலில் தேடிப் படிக்க வேண்டிய வரி அதுவே. தமிழில் 'புதுப்பிக்கத்தக்க மின்சாரம்' என்றும் 'விறகு உள்ளிட்ட புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' என்றும் வெளிப்படையாகப் பிரித்தெழுதுதல் நன்று. சொல் நீளும் என்பது உண்மையே. பொருள் திரிவதினும் சொல் நீள்வது மேல்.

பெரும் நீர்மின் நிலையங்களின் நிலையும் இத்தகையதே. 2019 மார்ச்சுக்கு முன்னர் இந்தியாவில் 25 மெகாவாட்டிற்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்கள் இவ்வகையில் எண்ணப்படவில்லை. அம்மாதத்தில் ஒன்றிய அரசு அவற்றையும் புதுப்பிக்கத்தக்கவை என அறிவித்தது. ஏறத்தாழ 45,000 மெகாவாட் ஓர் அறிவிப்பால் வகை மாறியது. மேட்டூரிலும் பக்ராவிலும் பாய்ந்த நீர் முன்பு பாய்ந்தவாறே பாய்ந்தது. 2019-க்கு முன்னும் பின்னுமான இந்திய அறிக்கைகளை ஒரே சொல்லால் பெயர்த்து ஒப்பிடுவோர் இல்லாத வளர்ச்சியைக் காண நேரிடும். 'புதைபடிவம் சாரா' என்னும் தொடரும் இதனோடு மயங்குவது உண்டு. அது அணுமின்சாரத்தையும் உள்ளடக்கும். 'புதுப்பிக்கத்தக்க' என்பது அதனை உள்ளடக்காது.

3. காரணப் பொருளும் உடனிகழ்ச்சிப் பொருளும்

இத்துறை ஆய்வுகளின் அடிப்படைக் கருவி, கிளைவ் கிரேஞ்சர் 1969-இல் வகுத்த சோதனை. பின்னாளில் வேறு பங்களிப்பிற்காக 2003-இல் நோபெல் பரிசு பெற்ற அறிஞர் அவர். சோதனையின் கருத்து எளியது. வளர்ச்சியின் கடந்தகால மதிப்புகளைக் கொண்டு அதன் அடுத்த மதிப்பை ஓரளவு முன்னறியலாம். அவற்றோடு ஆற்றல் பயன்பாட்டின் கடந்தகால மதிப்புகளையும் சேர்த்துக்கொண்டால் முன்னறிவிப்பு மேலும் துல்லியமாகுமாயின், ஆற்றல் பயன்பாடு வளர்ச்சிக்கு 'கிரேஞ்சர் பொருளில் காரணம்' எனப்படும். முன்னிகழ்தலும் முன்னறிய உதவுதலும் மட்டுமே இங்குக் கோரப்படுகின்றன. ஒன்று மற்றொன்றைத் தோற்றுவிக்கும் வழிமுறை கோரப்படுவதில்லை. சேவலின் கூவல் கதிரவன் எழுவதற்கு முன் நாள்தோறும் நிகழ்வது. அவ்விரண்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒருவர்க்கு, விடியும் பொழுதை முன்னறிய அக்கூவல் உதவும்.

இந்த இடத்தில் தமிழின் வேற்றுமை அமைப்பு சிந்திக்கத்தக்கது. மரபிலக்கணம் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய மூன்றையும் மூன்றாம் வேற்றுமை என்னும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. தொல்காப்பியர் அவ்வேற்றுமைக்கு இட்ட பெயரே 'ஒடு' என்பது. வினைமுதலும் கருவியும் அதன் பொருள்களாகச் சுட்டப்பட்டன. நன்னூலார் ஆல், ஆன், ஓடு, ஒடு என்னும் நான்கு உருபுகளை ஒருங்கு வைத்தார். உடன் வருவதும் உண்டாக்குவதும் இலக்கணத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருந்தன எனலாம். இக்காலத் தமிழ் அவற்றைப் பிரித்துக்கொண்டது. 'ஆல்' கருவிக்கும் ஏதுவிற்கும் உரியதாயிற்று. 'ஓடு', 'உடன்' என்பன உடனிகழ்ச்சிக்கு ஒதுங்கின. ஆதலின் கீழ்வரும் தொடர்களில் பொருள் வேறுபாடு தெளிவாக உள்ளது.

(1) அ. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் பயன்பாட்டால் வளர்ச்சி கூடுகிறது.
ஆ. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் பயன்பாட்டோடு வளர்ச்சியும் கூடுகிறது.

(1அ) காரணம் உரைக்கிறது. (1ஆ) உடனிகழ்ச்சி உரைக்கிறது. எந்த ஒன்றும் கிரேஞ்சர் சோதனையின் முடிவுக்கு நேர்நிகர் அன்று. (1அ) மிகை, (1ஆ) குறை. காலமுறை (1ஆ)-வில் இழக்கப்படுகிறது.

காலமுறையைக் காட்டத் தமிழில் இயல்பாகக் கைகொடுப்பது வினையெச்சம். சிக்கல் அங்கேதான் மிகுகிறது.

(2) அ. மழை பெய்து குளம் நிறைந்தது.
ஆ. மின்பயன்பாடு பெருகி உற்பத்தி உயர்ந்தது.

'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் பொதுவாகத் தன் வினைமுதலையே முடிக்கும் வினையின் வினைமுதலாகவும் கொள்ளும். இரண்டு வினைமுதல்கள் வரும்போது அவற்றிடையே காரணத் தொடர்பு இருந்தால்தான் தொடர் ஏற்புடையதாகும். 'மழை பெய்து குளம் நிறைந்தது' எனலாம். 'மழை பெய்து தேர்தல் நடந்தது' என்பது இடறும். 'மழை பெய்தபின்' என்று திருத்தினால் இடறல் நீங்கும். ஆகவே (2ஆ)-வை எழுதுவோர் முன்பின் முறையை மட்டுமே கூறியதாக எண்ணலாம். தொடரமைப்பு காரணத்தையும் சேர்த்துக் கூறிவிடுகிறது. 'சேவல் கூவிப் பொழுது விடிவதில்லை' என்பதில் எதிர்மறை மறுப்பது எதனை என்று நோக்கினால் இது உறுதிப்படும். சேவல் முன்னே கூவுகிறது, பொழுது பின்னே விடிகிறது. இரண்டும் மெய். மறுக்கப்படுவது காரணத் தொடர்பு ஒன்றே.

முன்னிகழ்வைக் காரணமாகக் கொள்ளுதல் கிரேஞ்சர் முறையைப் பயன்படுத்துவோர் எச்சரிக்கப்படும் பிழை. தமிழ் வினையெச்சம் அப்பிழையைத் தொடரிலக்கணத்திலேயே ஏந்தி நிற்கிறது. எனவே இவ்வாய்வுகளைப் பெயர்க்கும்போது இருவேறு வினைமுதல்களுடன் 'செய்து' எச்சத்தைத் தவிர்ப்பதும், 'பின்', 'பின்னர்' ஆகியவற்றைக் கொள்வதும் பாதுகாப்பானது.

'கூடக் கூட' என்னும் அடுக்கும் இதே வகையது. 'மின்பயன்பாடு கூடக் கூட வருமானம் கூடும்' என்னும் தொடர் விகிதத் தொடர்பைச் சொல்வதற்கு அழகியது. கேட்போர் அதனை அறிவுரையாக ஏற்பர். நிபந்தனை எச்சமும் அவ்வாறே எதிர்காலத்திற்கு வாக்குறுதி அளிக்கிறது. கடந்த 20 ஆண்டுத் தரவிலிருந்து பெற்ற முடிவை 'கூட்டினால் கூடும்' என்று எழுதுவது மூலத்தில் இல்லாத பரிந்துரையை நுழைப்பதாகும்.

(3) கடந்தகால மின்பயன்பாடு, வளர்ச்சியை முன்னறிய உதவுகிறது.

கிரேஞ்சர் முடிவுக்கு (3) போன்ற தொடரே நெருங்கியது. சுவை குறைந்த தொடர்தான். நாளிதழ்த் தலைப்புக்கு அது ஆகாது.

'பங்கு' என்னும் சொல்லும் இங்கே நினைக்கத்தக்கது. 'பொருளாதாரத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு' என்னும் தலைப்பு, அது ஆற்றும் பணியைக் குறிக்கிறதா, அதற்குரிய விழுக்காட்டைக் குறிக்கிறதா என்பது தலைப்பை மட்டும் கொண்டு அறியக்கூடியது அன்று.

4. நான்கு கருதுகோள்கள்

ஆய்வு முடிவுகளை வகைப்படுத்த நான்கு கருதுகோள்கள் வழங்குகின்றன. ஆற்றல் பயன்பாடு வளர்ச்சிக்கு முன்னோடி என்பது வளர்ச்சிக் கருதுகோள். வளர்ச்சியே ஆற்றல் பயன்பாட்டிற்கு முன்னோடி என்பது இரண்டாவது. இருதிசைத் தொடர்பு உண்டு என்பது பின்னூட்டக் கருதுகோள். எத்திசையிலும் தொடர்பு இல்லை என்பது நான்காவது.

முதலும் மூன்றும் தமிழில் இடர் தருவதில்லை. இரண்டாவதை ஆங்கிலம் 'கன்சர்வேஷன்' கருதுகோள் என்கிறது. ஆற்றல் பயன்பாட்டைச் சிக்கனப்படுத்தினாலும் வளர்ச்சி குன்றாது என்னும் கொள்கை உட்கிடையால் அமைந்த பெயர் அது. 'பாதுகாப்புக் கருதுகோள்' என்று பெயர்த்தால் எரிசக்திப் பாதுகாப்பு, அதாவது நாட்டுக்குத் தட்டின்றி எரிபொருள் கிடைத்தல், என்னும் வேறொரு கருத்தோடு மயங்கும். இயற்பியலின் ஆற்றல் அழிவின்மை விதியும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் வழங்குவது. 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தை 'எரிசக்திச் சேமிப்புச் சட்டம்' என வழங்குவதை ஒட்டிச் 'சேமிப்புக் கருதுகோள்' எனலாம். அதிலும் மின்கலத்தில் சேமித்தல் என்னும் பொருள் இன்று குறுக்கிடுகிறது. 'சிக்கனக் கருதுகோள்' பொருளை நேரே தருவது. நான்காவதை 'நடுநிலைக் கருதுகோள்' என்பது ஒலி ஒப்புமைக்கு ஏற்கலாம், பொருளுக்கு ஏலாது. நடுநிலை என்பது தமிழில் அறம் சார்ந்த சொல். சான்றோர்க்கு உரிய பண்பு அது. இங்குக் குறிக்கப்படுவது தொடர்பு இன்மை மட்டுமே. 'தொடர்பின்மைக் கருதுகோள்' என்பதே தெளிவு.

புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பற்றிய ஆய்வுகளில் நான்கனுள் எது வென்றது? விடை ஒருமைப்படவில்லை. சடோர்ஸ்கி 2009-இல் 18 வளரும் சந்தை நாடுகளை ஆய்ந்து, தலைக்குரிய வருமானம் உயர்வது புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் நுகர்வை உயர்த்துவதாகக் கண்டார். நீண்டகாலத்தில் வருமானம் 1 விழுக்காடு உயர, அந்நுகர்வு ஏறத்தாழ 3.5 விழுக்காடு உயர்ந்தது. அப்பர்கிஸ், பெய்ன் இருவரும் 2010-இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பைச் சார்ந்த 20 நாடுகளின் 1985 முதல் 2005 வரையிலான தரவுகளில் இருதிசைத் தொடர்பு கண்டனர். மெனகாக்கி 2011-இல் 27 ஐரோப்பிய நாடுகளின் 1997 முதல் 2007 வரையிலான தரவுகளில் காரணத் தொடர்பு எதனையும் காணவில்லை. மூன்று ஆய்வுகளும் நாடுகளாலும் காலத்தாலும் அளவுகோலாலும் வேறுபடுவன. ஒன்றை ஒன்று மறுப்பதாகக் கொள்ள வேண்டுவதில்லை. மூன்றனுள் ஒன்றை மட்டும் எடுத்துப் 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வளர்ச்சி தரும்' என்றோ 'தாராது' என்றோ எழுவாயில் நாடும் காலமும் இன்றி எழுதுவது கண்டிக்கத்தக்கது. தமிழ் தோன்றா எழுவாயை எளிதில் ஏற்கும் மொழி. அவ்வுரிமையை இவ்விடத்தில் பயன்படுத்துதல் ஆகாது.

5. நிறுவுதிறனும் உற்பத்தியும்: காற்றாலை காட்டும் பாடம்

பகுதி 1-இல் சுட்டிய திறன், ஆற்றல் வேறுபாட்டைப் புறக்கணித்தால் விளைவது என்ன என்பதற்கு அண்மைச் செய்தி ஒன்று போதும். 2025 ஜூன் இறுதியில் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் புதைபடிவம் சாரா மூலங்களின் விழுக்காடு 50-ஐத் தொட்டது. மொத்தம் ஏறத்தாழ 485 கிகாவாட், அதில் ஏறத்தாழ 243 கிகாவாட். 2030-க்கு வைத்த இலக்கு ஐந்தாண்டுகள் முன்னதாக எட்டப்பட்டது. இதனை 'நாட்டின் மின்சாரத்தில் பாதி புதுப்பிக்கத்தக்கது' என்று எழுதினால் ஒரே தொடரில் இரண்டு பிழைகள் நேரும். நிறுவுதிறன் மின்சாரமாகிவிடும், புதைபடிவம் சாராதது புதுப்பிக்கத்தக்கதாகிவிடும். உண்மையில் 2024-25-இல் உற்பத்தியான மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கிற்கும் மேற்பட்டது நிலக்கரியிலிருந்து வந்ததே.

கணக்கு கடினமானது அன்று. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 1 மெகாவாட் காற்றாலை அதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு முழுத்திறனில் இயங்கியதற்கு ஈடாக உழைத்தால் ஏறத்தாழ 22 இலட்சம் யூனிட் தரும். மூன்றில் இரண்டு பங்கு இயங்கும் அனல்மின் நிலையத்தின் 1 மெகாவாட் 58 இலட்சம் யூனிட் தரும். மெகாவாட் ஒன்றே, விளைவது வேறு. வளர்ச்சி ஆய்வுகள் உற்பத்தியையும் நுகர்வையுமே கொள்கின்றன. அரசு அறிவிப்புகள் நிறுவுதிறனையே முன்வைக்கின்றன. இரண்டையும் ஒரு கட்டுரையில் அடுத்தடுத்துப் பெயர்ப்போர் அலகைக் காணாமல் ஒரு சொல்லையும் தெரிவு செய்தல் ஆகாது.

'செறிவு' என்பதற்கும் இக்கவனம் தேவை. 2030-க்குள் உள்நாட்டு உற்பத்தியின் உமிழ்வுச் செறிவை 2005-ஆம் ஆண்டு நிலையிலிருந்து 45 விழுக்காடு குறைப்பதாக இந்தியா 2022-இல் உறுதி கூறியது. ஒரு ரூபாய் மதிப்புள்ள உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்வு என்பதே செறிவு. உற்பத்தி பெருகப் பெருக மொத்த உமிழ்வு கூடிக்கொண்டே செறிவு குறைவது இயலும். 'செறிவை' என்னும் ஒரு சொல் விடுபட்டால் 'உமிழ்வை 45 விழுக்காடு குறைக்கும்' என்றாகி, நாடு தாராத வாக்கு ஒன்று அதன் பெயரில் பதிவாகிவிடும்.

தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் வரலாறு பின்னூட்டக் கருதுகோளை விளக்குவதற்கு ஏற்றது. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அரசின் செயல்விளக்கப் பண்ணை அமைந்தது. 1990-களில் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலிலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவை, திருப்பூர்ப் பகுதிகளிலும் தனியார் காற்றாலைகள் பெருகின. நிறுவியோருள் நூற்பாலை முதலாளிகள் பலர். இலாபம் ஈட்டிய ஆலைக்கே வருமான வரியில் விரைவுத் தேய்மானச் சலுகையால் பயன் உண்டு. இலாபம் காற்றாலையாயிற்று. காற்றாலை தந்த மின்சாரம் நூற்புக்கு உதவியது. நூற்பு மீண்டும் இலாபம் தந்தது. இதில் எது காரணம், எது காரியம் என்று ஒரே திசையில் அம்புக்குறி இடுவார் எவ்வாறு இடுவார்? 2012 ஏப்ரலில் அச்சலுகை நீக்கப்பட்டது. 2011-12-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 3,200 மெகாவாட்டாக இருந்த புதிய காற்றாலைத் திறன் மறு ஆண்டில் ஏறத்தாழ 1,700 ஆகச் சரிந்தது. 2014-இல் சலுகை மீண்டது. காற்றும் மாறவில்லை, கணவாயும் மாறவில்லை. ஆற்றலுக்கும் வளர்ச்சிக்கும் இடையே வரிச்சட்டம் என்னும் மூன்றாவது ஒன்று நிற்பதை இரு மாறிகளை மட்டும் கொள்ளும் சோதனை காணாது.

இத்தொழிலின் வழக்குச் சொல் ஒன்றும் கருதத்தக்கது. காற்று மே முதல் செப்டம்பர் வரை மிகுதியாக வீசுவது. ஆலை ஆண்டு முழுதும் ஓடுவது. பருவத்தில் மிகுந்த யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் வைத்து, நிதியாண்டு முடிவதற்குள் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொழில் வட்டாரம் 'பேங்கிங்' என்கிறது. 'மின்சேமிப்பு' என்று அதனைப் பெயர்ப்பது பொருந்தாது. எந்த மின்கலத்திலும் எதுவும் சேமிக்கப்படவில்லை. ஜூலையில் ஆலை கொடுத்த மின்சாரம் ஜூலையிலேயே வேறெவர் வீட்டிலோ எரிந்துவிட்டது. ஜனவரியில் ஆலை பெறுவது அன்று அனல்மின் நிலையம் ஆக்கிய மின்சாரமாகவும் இருக்கலாம். வைக்கப்பட்டதும் எடுக்கப்பட்டதும் கணக்கேட்டு எண் மட்டுமே. 'யூனிட் வரவுவைப்பு' என்பது இச்செயலைச் சரியாகக் காட்டும். ஆலைக் கணக்கர்கள் 'பேங்க் யூனிட்' என்றே எழுதுகின்றனர். அவர்கள் பேரேட்டில் அச்சொல்லுக்கு ஐயம் நேர்ந்ததில்லை. அவ்யூனிட்டுகள் ஆய்வுத் தரவில் எம்மாதத்து நுகர்வாக, எம்மூலத்து நுகர்வாகப் பதிவாகின்றன என்பதே எண்ணிப் பார்க்க வேண்டியது.